லைன் வீட்டு அம்மாக்கள்

நான் எழுதியதால் ஒரு பெண்ணிடமிருந்து அவள் குழந்தை போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் கடைசியில் என்னை நானே நல்லவளாக்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகளுக்குப் பின்பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தோம். பத்துப் பத்து வீடுகளாக ஆறு வரிசை. ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் மூத்த ஃபிட்டர். நான் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் காலை வேளை மட்டும் டைப் அடிக்கப் போவேன். வேலைக்கு விண்ணப்பம், பத்திரத்துக்கு நகல், பையன்களுக்கு பயோடேட்டா. கூட்டம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கும்.

என் பையனுக்கு அப்போது நாலு வயது, வீசிங். உலைப் புகை இறங்கும் நாட்களில் கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், அவன் மூச்சும் அப்படித்தான் இருக்கும். வாரப் பத்திரிகைகளில் குழந்தை வளர்ப்புப் பக்கம் வரும். ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுங்கள், குழந்தைக்குத் தனி அறையில் மென்மையான வண்ணம் பூசுங்கள் என்று எழுதியிருப்பார்கள். ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிற எங்களுக்கு அதைப் படித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். இவர்களுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள், இவர்கள் பெற்றதெல்லாம் பொம்மைப் பிள்ளைகளா என்று தோன்றும்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு பிளாக் ஆரம்பித்தேன். காசு கேட்காத இடம், இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் தமிழாக மாறிக்கொள்ளும் ஒரு பெட்டி, அவ்வளவுதான் தேவைப்பட்டது. பெயர் ‘லைன் வீட்டு அம்மாக்கள்’. மூக்கில் அடைத்த கரியை நனைத்த துணியால் எப்படி எடுப்பது, எட்டு மணிநேர வேலையில் மார் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் புருஷனை எழுப்பாமல் குழந்தையை எப்படி அழவிடாமல் வைத்திருப்பது. எங்கள் பெண்களுக்குத் தெரிந்தது இதெல்லாம்தான், இதை எந்தப் பத்திரிகையும் போடாது.

விஷயம் சேர்ப்பது புதன்கிழமைகளில், அன்று மட்டும் சென்டருக்குப் போகமாட்டேன். புதன்கிழமைதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களோடு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு நானும் உட்காருவேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு, “அக்கா, இத்த எழுதிக்கோ” என்று அவர்களே வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. தாங்கள் சொன்னது எங்கேயோ கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன், யார் பெயரும் போடமாட்டேன் என்று. அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் லைனில் யாருக்கு யார் பெயர் தெரியும்? ‘மூணாவது லைன் கடைசி ஊடு’, ‘ரெட்டைப் புள்ள அம்மா’, ‘திக்குவாய்ப் பையன் அம்மா’ என்றுதான் எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டோம். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் உபயோகமில்லாத பெயரை மட்டும் ஜாக்கிரதையாக மறைத்துவிட்டு, ஊர் கூப்பிடுகிற அடையாளத்தையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலாவது லைன் முதல் வீட்டுப் பெண்ணை ‘காது குத்தாத பாப்பா அம்மா’ என்போம். மகளுக்கு இரண்டரை வயதாகியும் காது மூளியாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இவள் வேறு சாதியில் கட்டிக்கொண்டு வந்ததால் அண்ணன்காரன் பேச்சுவார்த்தையை அறுத்துவிட்டான். மடி கிடைக்கிற வரைக்கும் காது அப்படியே இருக்கட்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில், காலை எட்டுக்கே கிளம்பும் ஜெனரல் ஷிப்ட் வேலை. புருஷன் என் வீட்டுக்காரருக்குக் கீழேதான், அதே மில்லில் ஹெல்ப்பர்.

ஒரு புதன்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, வைட்டமின் சொட்டு மருந்துக்காகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடியில் கிடந்த குழந்தையின் கணுக்காலைச் சுற்றி மெலிசாகச் சிவந்திருந்தது.

“இன்னாடி இது?” என்றேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவருக்கு ரெண்டாவது ஷிப்ட் வாரம்க்கா. ஒண்ணேகால் மணிக்குக் கெளம்பிடுவாரு. நான் வர ஆறு ஆயிடும். நடுவுல யாரு பாத்துப்பா? பால்வாடில மூணு வயசு ஆவட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு போகசொல்ல என் பழைய பொடவைய பாப்பா கால்ல சுத்தி, ஜன்னல் கம்பில கட்டிட்டுப் பூட்டிக்கினு போவாரு. இழுத்தா இறுகாத முடிச்சு. மில்லுல போடுவாங்களாமே, அந்த முடிச்சு.”

“ஏண்டி, வீட்டுக்குள்ளதானே பூட்டுறீங்க, கட்டணுமா?”

“போன வெயில் காலத்துல ஆறாவது லைன்ல இன்னா ஆச்சு? நீயுந்தான வந்து அழுத?”

ஆறாவது லைனில் ஒரு குழந்தை, சமையல் மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்து செத்திருந்தது. பூட்டிய வீட்டுக்குள்தான் அதுவும் நடந்தது. டிரம் இல்லாமல் எங்கள் லைனில் குடித்தனம் நடத்த முடியாது, தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும்.

அவள் மேலும் சொன்னாள். ஒரு மணிக்கு மில் சங்கு ஊதினால் பாப்பா தானாகவே போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காலை நீட்டிவிடுமாம். கைக்கெட்டும் தூரத்தில் பொரியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவாராம். ஆறு மணிக்கு இவள் வந்து அவிழ்த்துவிட்டால், குழந்தை முதல் வேலையாக அதே புடவையை எடுத்து இவள் காலிரண்டையும் சேர்த்துச் சுற்றுமாம், எங்கேயும் போகக்கூடாது என்று. விளக்குப் போடவும் எழுந்திருக்காமல் காலைக் கட்டிக்கொண்டு அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்பாளாம். இதைச் சொல்லும்போது அழுதாள். நானும் அழுதேன். நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை சென்டரில் உட்கார்ந்து ஒரே மூச்சில் தட்டினேன். அவளே சொல்வது போல, நான் நான் என்று எழுதினேன். நாலாவது லைன் என்று எழுதினேன். காது குத்தாத மகள், கிடைக்காத தாய்மாமன் மடி, எல்லாம் எழுதினேன், அதுதானே மனதைத் தொடும். புருஷனை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அது அம்மாக்கள் பக்கம், அப்பாக்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு திமிர் இருந்தது. அது பாதிக் காரணம். அப்பன் கட்டினால் அது ஒரு செய்தி, பெற்றவளே கட்டிவிட்டு வேலைக்குப் போனால்தான் படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. அதனால் ‘நானே என் கையால் கட்டிவிட்டுப் போகிறேன்’ என்று எழுதினேன். அந்த வரியைத் தட்டியபோது எனக்கே புல்லரித்தது. அவளிடம் படித்துக் காட்டவில்லை. அவள் மூன்றாவது வரை படித்தவள், பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். பாராட்டு வரட்டும், சேர்த்துச் சொல்வோம் என்றிருந்துவிட்டேன்.

வழக்கமாக என் பக்கத்தில் இரண்டு பேர், மூன்று பேர் கருத்துச் சொல்வார்கள். இதற்கு ஒரு வாரத்தில் நாற்பதைத் தாண்டியது. முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். ‘இவளெல்லாம் ஒரு தாயா.’ ‘நாயைக் கூட இப்படிக் கட்டமாட்டார்கள்.’ ‘வளர்க்க வக்கில்லாதவள் ஏன் பெற்றாள்.’ எங்கோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமே என்று யோசனை சொல்லியிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பதிலுக்குப் பதில் தட்டிச் சண்டை போட்டேன். சண்டை போடப் போட இன்னும் பலர் வந்து படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருவர் மில்லில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் கிளார்க். ‘நாலாவது லைன், காது குத்தாத மகள்’ என்றதும் அவருக்கு வேறென்ன வேண்டும்? பிரிண்ட் எடுத்து, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோர் எதிரிலும் அந்த ஹெல்ப்பரிடம் நீட்டி, “உன் பொண்டாட்டி நெட்டுல வந்துகீறாப்பா” என்று சிரித்திருக்கிறார். பத்துப் பேர் சுற்றி நின்று படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அங்கே நின்றிருந்தார். அந்த ஹெல்ப்பர், எனக்கு இதெல்லாம் தெரியாது என்பது போலத் தலையை ஆட்டினானாம். அந்தத் தலையாட்டலிலிருந்து அவனால் பிறகு இறங்கி வர முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து அவனுடைய அண்ணன் வந்துவிட்டார். யார் மூலம் கைக்குப் போனதோ, சட்டைப் பையில் அந்தப் பேப்பர் மடித்து இருந்தது. சத்தம் கேட்டு லைனே கூடியது. வாசற்படிக்கு வெளியே நானும் நின்றேன்.

“ஒண்ணுமறியாத கொழந்தைய ஆட்டுக்குட்டி மாரி கட்டிப்போட்டுட்டு மூடி அடைக்கப் போறியாம்மா நீ? இத்த ஒலகமே படிக்குது!”

அவள் புருஷனைப் பார்த்தாள். “பாப்பாவோட நைனாவ கேளுங்க மாமா. யாரு கட்டுனாங்கன்னு அவரையே கேளுங்க.”

அவன் தரையைப் பார்த்தான். “நான் வேலைக்குப் பூட்டேன்னா ஊட்டுல இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?” என்றான்.

அப்போதுதான் ஒரு மணிச் சங்கு ஊதியது. அதுவரை அம்மா இடுப்பில் இருந்த பாப்பா நழுவி இறங்கியது. நேராகப் போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காலை நீட்டியது. கூட்டத்தில் ஒருத்தி ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று அண்ணன் குரல் உடைந்து கத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். குழந்தை காலை நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பனைத்தான் பார்த்தது, வந்து கட்டு என்று காத்திருக்கிற மாதிரி. நான் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொன்னால், நீதானே எழுதினாய், அதில் வேறு மாதிரி ஏன் எழுதினாய் என்ற கேள்வி வரும். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்று லைனில் யாரோ சொன்னார்கள். “அவங்களும் அந்தப் பேப்பரைத்தான படிப்பாங்க?” என்று அவள் கேட்டாள். அந்த வாரமே கம்பெனி வேலையை விட்டாள். சென்ட்ரல் போய், அரக்கோணம் வண்டி மாறித் திருவாலங்காட்டுக்குப் போய், இனிமேல் நான் வீட்டிலேயே இருப்பேன், குழந்தையைக் கொடுங்கள் என்று கேட்டாள். அண்ணன் பீரோவைத் திறந்து பேப்பரை எடுத்துக் காட்டினாராம். இதை எழுதினவளை நம்பி எப்படி விடுவது என்றாராம். நான் எழுதல மாமா என்று சொன்னால், நீ சொல்லாமலா எழுதினார்கள் என்றாராம்.

திரும்பி வந்த அன்று நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அக்கா, நீ எழுதுனதுனாலதான அவுங்க நம்பறாங்க? இன்னோர் தபா எழுது. அவருதான் கட்டுவாரு, நான் அவுப்பேன்னு எழுது. அத்த பிரிண்ட் எடுத்துக் குடு. நான் எடுத்துக்கினு போறேன்.”

எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள்! ஒரு பேப்பரை வெல்ல இன்னொரு பேப்பர்தான் வேண்டும். எழுதித் தருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். “அவன் எனக்குக் கீழ வேலை செய்றவன். எல்லார் முன்னாலயும் தெரியாதுன்னு சொல்லிட்டான். இப்ப அவன பொய்யன்னு நீ எழுதுனா நாளைக்கு மில்லுல நான் தலை காட்ட முடியுமா? எல்லா ஊட்டுச் சட்டியையும் உன் பொண்டாட்டிதான் தொறந்து பாக்குறாளான்னு கேப்பான். போதும் உன் பேஜாரு. மொதல்ல இருக்குறத எடு.”

அவர் சொன்னதால்தான் எழுதவில்லை என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையில்லை. அவர் சொன்னதைக் கேட்டு நான் நடந்த விஷயங்களைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுதினால் நான் பொய் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நாற்பது பேரும் திரும்பி என்மேல் பாய்வார்கள். அவள் வாங்கின அடியை நான் வாங்கத் தயாராக இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். அதன் இடத்தில், தடுப்பூசி போட்ட அன்று குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று ஒன்று எழுதிப் போட்டேன். இரண்டு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் திருவாலங்காடு போய் வந்தாள். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால், “எழுதிட்டியாக்கா?” என்பாள். கரண்டு இல்லை என்பேன். பையனுக்கு உடம்பு சரியில்லை என்பேன். அந்த வருடம் கரண்டு கட்டுக்குப் பஞ்சமே இல்லை, எனக்கு வசதியாகப் போயிற்று. சில மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். புருஷன் மில்லை விட்டுக் காக்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அண்ணன் வீட்டிலிருந்தே போய்வர ஆரம்பித்தான். இவளை வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாப்பாவுக்கு அங்கேயே காது குத்திவிட்டார்கள். பெரியம்மாவை ‘அம்மா’ என்றும், இவளைக் ‘கும்மிடிப்பூண்டி அம்மா’ என்றும் கூப்பிடுவதாக அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிளாக்கில் நான் எழுதுவது தானாகவே நின்றுபோனது. புதன்கிழமை வரிசையில் போய் உட்கார்ந்தால் பெண்கள் பேச்சை மாற்றினார்கள். மழை, விலைவாசி, டிவி சீரியல். அவர்கள்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுவருடம் ஒரு காலை அவள் பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலையாட்களுக்குச் சமைக்கிற கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டாளாம், அங்கேயே ஷெட்டில் தங்கல், வீட்டைக் காலி செய்கிறாள். கையில் ஒரு பையும் சுருட்டிய பாயும். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்தாள். “இதுலதான் இருக்குதாக்கா?” என்றாள்.

“எது?”

“நீ எழுதுனது. எல்லாரும் படிச்சாங்க. நான்தான் கேக்கவே இல்ல. ஒரு தபா படிச்சுக் காட்டுக்கா, போய்டறேன்.”

“பயப்படாத, அத நான் எப்பவோ அழிச்சிட்டேன்” என்றேன். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. “அழிச்சிட்டியா? பாப்பா இங்க எப்டி இருந்துச்சுன்னு அதுலதானக்கா இருந்துச்சு? போட்டோ கூட ஒண்ணும் எங்கிட்ட இல்லியே.”

அந்தக் கோடு போட்ட நோட்டும் எப்போதோ பழைய பேப்பரோடு போயிருந்தது. மற்ற நாற்காலிகளில் யாரும் இல்லை. நான் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதியிருந்ததை ஞாபகத்திலிருந்து சொன்னேன். பொரி வைத்ததைச் சொன்னேன். தண்ணீர் டிரம்மைச் சொன்னேன். இந்தத் தடவை மறைக்காமல், ஒண்ணேகால் மணிக்கு அவள் புருஷன் புடவையைச் சுற்றி, இழுத்தால் இறுகாத முடிச்சாகப் பார்த்துக் கட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவதைச் சொன்னேன். ஆறு மணிக்கு அவள் வந்து அவிழ்ப்பதைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ‘உம்’ கொட்டிக் கேட்டாள். முடித்ததும் பாயை எடுத்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“இத்ததானக்கா எழுதச் சொன்னேன்” என்றாள்.